ஏழ்மைக்கு மூன்று நகல்

மலேசியாவில் உதவித்தொகையோடு உறைவிடப் பள்ளியில் சேர நினைக்கும் குடும்பம் இரண்டு காரியங்களை நிரூபித்தாக வேண்டும். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்பது ஒன்று. வீட்டில் காசில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சான்றிதழ்கள் போதும். இரண்டாவதற்கு அதைவிடத் தடிமனான ஃபைல் தேவை. காசில்லை என்று காட்டப் போட்டோஸ்டாட் கடையில் செலவான காசை எந்தப் பாரமும் கணக்கில் கழிப்பதில்லை.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1905இல் கோலகங்சாரில் திறக்கப்பட்ட மலாய்க் கல்லூரி அரச வம்சத்து, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே தோன்றியது. அங்கே தகப்பனாரின் சம்பளச் சீட்டைக் கேட்பது மரியாதையாக இருந்திருக்காது. மாரா என்ற அரசு அமைப்பின் முதல் இளநிலை அறிவியல் கல்லூரி, அதுவும் உறைவிடப் பள்ளிதான், 1972இல் சிரம்பானில் தொடங்கியது. மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களை அறிவியல் துறைக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். 2000களின் தொடக்கத்தில் இந்த மாரா கல்லூரிகளில் 10 விழுக்காட்டு இடங்கள் மற்ற இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள தமிழ்ப் பெற்றோர் அந்தப் பத்து விழுக்காட்டைத் தங்களுக்கென்று ஒதுக்கிய இருக்கையைப் போலவே பார்க்கிறார்கள். அதே இருக்கையில் இன்னும் எத்தனை பேர் துண்டு போட்டிருக்கிறார்கள் என்பது முடிவு வெளியாகும் நாளில்தான் தெரியும்.

முதலில் கெட்டிக்காரத்தனம். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை வேலை எளிது. எத்தனை 'ஏ' என்று சொன்னால் போதும், அண்டை வீட்டாரே மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் 2022இல் போய்விட்டது. உறைவிடப் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகளில் சேர இப்போது தனி மதிப்பீடு உண்டு. அதில் பாட அறிவோடு சிந்திக்கும் திறனும் சோதிக்கப்படுகிறது. அதற்கும் டியூஷன் வந்துவிட்டது. தானாகச் சிந்திப்பது எப்படி என்று சனிக்கிழமை காலை சொல்லித் தருகிறார்கள்.

அடுத்து வருவது புறப்பாட நடவடிக்கை. சிலம்பம், பேச்சுப் போட்டி, இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா என்று பிள்ளை கால் வைத்த மேடைக்கெல்லாம் ஒரு சான்றிதழ் இருக்கும். தேசிய அளவு, மாநில அளவு, வட்டார அளவு என்று அவற்றை அடுக்குவது முறை. கோவில் வர்ணம் தீட்டும் போட்டியில் 'கலந்துகொண்டமைக்காக' ஐந்து வயதில் கிடைத்ததை அடியில் வைப்பார்கள், வைக்காமல் விடமாட்டார்கள். தமிழில் அச்சான சான்றிதழுக்கு மலாய் மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் 'திருமுறை' என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

இரண்டாவது காரியமான காசில்லாமைக்கு அளவு உண்டு. 2022ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி மாதம் 5,250 வெள்ளிக்குக் கீழே வாங்கிய குடும்பம் பி40, அதாவது கீழ்த்தட்டு 40 விழுக்காட்டில் ஒன்று. அதற்கு மேலே போனால் நடுத்தட்டான எம்40. அண்ணன் ஓவர்டைம் செய்த மாதத்தின் சம்பளச் சீட்டு கைக்குக் கிடைத்தால் குடும்பம் ஒரே இரவில் நடுத்தர வர்க்கமாகிவிடுகிறது. அடுத்த மாதம் ஓவர்டைம் நின்றுவிடும். சீட்டு மட்டும் ஃபைலில் நிற்கும். ஆகவே விவரம் தெரிந்த வீடுகளில் விண்ணப்ப காலத்தில் அண்ணனைச் சீக்கிரமே வீட்டுக்கு வரச் சொல்வதுண்டு.

சம்பளச் சீட்டே இல்லாதவர்கள் பாடு வேறு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ கட்டி விற்கும் அம்மாவின் பாரத்தில் 'முதலாளியின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவர் தம் பெயரையே எழுதுகிறார். அடுத்த கட்டம் 'முதலாளியின் கையொப்பமும் முத்திரையும்'. கையொப்பம் போடுகிறார், முத்திரைக்கு எங்கே போவார்? பாரம் திரும்பி வருகிறது. பிறகு சத்தியப் பிரமாண ஆணையர் அலுவலகம். மல்லிகைக்கு முகூர்த்த நாளில் ஒரு விலை, மற்ற நாளில் ஒரு விலை, மழை பெய்தால் விலையே இல்லை என்று விளக்குகிறார். எதிரே இருப்பவருக்கு வேண்டியது ஒரே ஓர் எண். நகைக்கும் இதே கதிதான். 'சொத்து' என்ற வரிசையில் சங்கிலியை எழுதுவதா வேண்டாமா என்று குடும்பம் கூடி யோசிக்கும். சங்கிலி வீட்டுடையது, இருப்பது அடகு பிடிக்கும் பஜாக் கடையில். இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பாரத்தில் கட்டமில்லை.

எல்லா நகல்களையும் அரசாங்கத்தின் உயர்நிலை அதிகாரி ஒருவர் அசலோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்த வேண்டும். பல குடும்பங்களுக்குத் தெரிந்த ஒரே அப்படிப்பட்ட அதிகாரி தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். அதனால் அந்தப் பருவத்தில் ஒரு தலைமையாசிரியருக்கு வட்டாரத்தில் யார் வீட்டு வருமானம் எவ்வளவு என்பது வருமான வரி இலாகாவைவிட நன்றாகத் தெரியும். அவர் எதையும் படிக்காதவர்போல் முத்திரை குத்துவார். அதுவும் ஒரு நாகரிகம்.

நேர்முகத் தேர்வு என்றால் 'ஏன் உறைவிடப் பள்ளி?' என்ற கேள்வி நிச்சயம். 'சொந்தக் காலில் நிற்கப் பழகுவேன்' என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டி முதல் டியூஷன் டீச்சர் வரை சொல்லிக்கொடுத்த பதில். மூன்று பேர் படுக்கும் அறையில் மேசை இல்லை என்ற உண்மையான பதில் இதைவிட வலுவானது. அதைச் சொல்லக் கூடாது என்று வரும் வழியில் கம்யூட்டர் ரயிலில் அப்பா எச்சரித்திருப்பார்.

தனியார் உறைவிடப் பள்ளிகள் தனி உலகம். மந்தினில் 1991இல் தொடங்கிய துவாங்கு ஜாஃபார் கல்லூரியும், பண்டார் என்ஸ்டெக்கில் 2014இல் திறந்த எப்சம் கல்லூரியும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொலைவில் இல்லை; கட்டணத்தில்தான் தொலைவு. இத்தகைய பள்ளிகளில் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் தங்கிப் படிக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி அளவில் ஆகும். திறமைக்குக் கொடுப்பது ஒரு வகை உதவி, தேவைக்குக் கொடுப்பது மற்றொரு வகை. இங்கே கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்ற செய்தி ஒரு வீட்டில் சந்தோஷத்தை உண்டாக்கும். மீதிப் பாதி எவ்வளவு என்று யாராவது பெருக்கிப் பார்க்கும்வரை அது நீடிக்கும்.

இத்தனை படிகளிலும் ஒரு பொது விதி புலப்படுகிறது. பாரத்தைப் பிழையின்றி நிரப்பி, நாள் தவறாமல் கணினியில் ஏற்றி, ஃபைலை ஒழுங்காகக் கட்டத் தெரிந்த குடும்பமே உதவி பெறுகிறது. அவ்வளவு தெரிந்த வீட்டில் படித்தவர் ஒருவராவது இருப்பார். அப்படி ஒருவரும் இல்லாத வீட்டுக்குத்தான் உதவி அதிகம் தேவை. அந்த வீட்டுக்குக் கடைசித் தேதி போன பிறகே சேதி எட்டுகிறது. இதைச் சரிசெய்யும் பாரம் இன்னும் அச்சாகவில்லை. இப்போதைக்கு அந்த வேலையை ஆசிரியர்களும் சங்கத்துக்காரர்களும் சம்பளமில்லாமல் செய்துவருகிறார்கள்.

இடம் கிடைத்தால் அழைப்புக் கடிதத்தோடு பொருள் பட்டியல் வரும்: வாளி, இஸ்திரிப் பெட்டி, பூட்டு, படுக்கை விரிப்பு, இரண்டு ஜோடி காலணி. உதவித்தொகையில் இவை சேரா. பணம் வந்து சேரும் தேதி பதிவு நாளுக்குப் பிந்தியே இருக்கும். பஜாக் கடைச் சங்கிலி இன்னும் சில மாதம் அங்கேயே தங்கும். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் புதிய பாரம் உண்டு. பழைய ஆவணங்களின் நகல்களும் வேண்டும், மறுபடியும் முத்திரையோடு.