க்போகோவில் அன்றும் இன்றும்

நைஜீரியாவின் பெனுவே மாநிலத்துக்குத் தலைநகர் மக்குர்டி. ஆனால் திவ் மக்களைக் கேட்டால் க்போகோவைத்தான் தங்கள் ஊர் என்பார்கள். அவர்களுடைய அரசரான தோர் திவ் இருப்பது அங்கேதான். தலைமுறை தலைமுறையாக மன்னரே இல்லாமல், பங்காளிகள் கூடிப் பேசி வழக்குத் தீர்த்துவந்த மக்கள் இவர்கள். ஆள்வதற்கு ஒற்றைத் தலைவர் தேவைப்பட்டது ஆங்கிலேயருக்குத்தான். 1940களில் மக்கிர் ட்சாக்பே முதல் தோர் திவ் ஆனார். அந்நியரின் வசதிக்காகப் பிறந்த பதவியை மக்கள் தங்கள் மானமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்று அதில் இருப்பவர் ஜேம்ஸ் அயாட்சே, உயிர்வேதியியல் பேராசிரியர்.

1980களின் தொடக்கத்தில் நான் அங்கே கணக்கு வாத்தியார். இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் நிறையப் பேர் நைஜீரியாவுக்குப் போன காலம் அது. ஒரு நைரா ஒரு டாலரைவிட மதிப்பு கூடியது. புதிதாக வந்திருந்த சிமென்ட் ஆலையில் வேலை என்பதே என் மாணவர்களின் கனவு. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அங்கேர் துணியைப் பெரியவர்களின் தோளில்தான் பார்த்தேன். இன்று திவ் இளைஞர்கள் கல்யாணத்துக்கு அதையே தைத்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்புகிறார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது குவாகிர் என்ற பொம்மைக் கூத்து. நம் பொம்மலாட்டத்தில் கயிறு மேலிருந்து இறங்கும். அங்கே ஆட்டுகிறவர் மேடைக்கு அடியில் ஒளிந்திருப்பார். மேலே மரப்பொம்மைகளுக்குக் கை கால் அசையும். வேட்டைக்காரன் குறி பார்ப்பான், போலீஸ்காரர் அதட்டுவார், ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். நடுநடுவே பெரிய முகமூடி உருவங்கள் கூட்டத்துக்குள் புகும். கதை, பாட்டு, முரசு என்று விடிய விடிய நடக்கும். கிராமத்துக்குக் கிராமம் போட்டி. பொம்மை செதுக்கியவரும் ஆட்டியவரும் பகலில் யாம் கிழங்குக்கு மேடு கட்டுகிற விவசாயிகள். நடுநிசியில் தனியாக நடந்து வீடு திரும்புவேன். யாரும் எதற்கும் பயந்ததில்லை.

2019இல் யுனெஸ்கோ குவாகிரைத் தன் பட்டியலில் சேர்த்தது. செய்தியைப் படித்துக் கண் கலங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில்தான், குமா, லோகோ பகுதிகளில் ஆயுதக் கும்பல் கொன்ற 73 பேரை மக்குர்டியில் ஒன்றாக அடக்கம் செய்திருந்தார்கள். மேய்ச்சல் நிலச் சண்டை ஊர் ஊராகக் குடும்பங்களை முகாமுக்குத் துரத்தியது. உலகம் குவாகிரைக் கைதட்டி வரவேற்ற நேரத்தில் அதை வளர்த்த ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. இதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. காப்பாற்ற வேண்டியது முதலில் அந்த விவசாயிகளை.

என் பழைய மாணவன் ஒருவன், அவனும் இப்போது ஆசிரியன், மாதம் ஒருமுறை பேசுவான். குமா பக்கத்தில் பொம்மை செதுக்கிய அவன் மாமா முகாமில் இருக்கிறார். உளிகள் ஊரோடு போயின. டாலருக்கு ஆயிரம் நைராவுக்கு மேல் போய்விட்ட இந்நாளில் வாத்தியார் சம்பளத்தில் அவன் என்ன வாங்குவான்? புது உளிகளுக்கு நான் பணம் அனுப்புகிறேன் என்றேன்.

"மரத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள், சார்" என்றான்.