கழுவவே வேண்டாத ஃபில்டர் வாங்குவது எப்படி?

முதலில் மீன்களை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் பக்கம் போனால் வரிசையாக மீன் கடைகள். ஃபில்டர் பார்க்கத்தான் வந்தோம் என்பது மூன்றாவது கடையிலேயே மறந்துவிடும். விரல் நீளத்தில் நாலு ஆஸ்கர் குஞ்சு, பையன் அழுததற்காக ஆறு கோல்டு ஃபிஷ், ஹாலில் வைத்தால் பணம் தங்கும் என்று மாமா சொன்ன அரோவானா ஒன்று. ஆஸ்கர் ஓர் அடி வளரும். அரோவானா அதைப் போல் இரண்டு பங்கு. கோல்டு ஃபிஷ்ஷைப் பற்றிக் கவலை வேண்டாம், மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது தொட்டி. நாலுக்கு இரண்டுக்கு இரண்டடி எடுத்தால் ஏறக்குறைய 450 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 450 கிலோ, கண்ணாடியும் கல்லும் தனி. அதைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பின்னால் கை நுழையக் கூடாது. முன்னால் சோபாவையும் போட்டுவிட்டால், பின்னாடி மாட்டியிருக்கும் எதையும் நீங்கள் இனிக் கழற்ற வேண்டியிராது. பராமரிப்பில் பாதி குறைந்துவிட்டது.

இப்போது ஃபில்டருக்கு வரலாம். கடையில், "மெயின்டனன்ஸ் கம்மியா ஒண்ணு குடுங்க தம்பி" என்று கேளுங்கள். "இந்தக் கேனிஸ்டரைப் போடுங்கண்ணா, ஆறு மாசத்துக்குக் கையே வைக்க வேணாம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. கை வைக்காமல் இருக்க முடியும்தான். ஆனால் அழுக்கு எங்கேயும் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு டப்பாவுக்குள் குடியேறியிருக்கிறது. அதன் வழியாகத்தான் தண்ணீர் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கிறது. மீன் விடும் அம்மோனியாவை ஃபில்டருக்குள் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும் சரக்கு. மூன்றாவது கொஞ்சம் சாது. அந்த நைட்ரேட்டை வழக்கமான எந்த ஃபில்டரும் வெளியே எடுத்துப் போடாது. அதற்கு வாளியும் ஹோஸும் உங்கள் முதுகும்தான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். நீங்களும் கேட்காதீர்கள், வியாபாரம் கெடும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்புங்கள். மணிக்கு 1,200 லிட்டர் என்று இருக்கும். உள்ளே பஞ்சும் செராமிக் ரிங்கும் இல்லாமல், மேலே ஏற்றவும் வேண்டாமல் இருந்தால் பம்ப் தள்ளும் அளவு அது. நாலடி உயரத்துக்கு ஏற்றி, பஞ்சில் அழுக்கும் சேர்ந்த பிறகு எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். தொட்டித் தண்ணீர் மணிக்கு நாலிலிருந்து ஆறு தடவையாவது ஃபில்டரைச் சுற்றி வர வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 450 லிட்டருக்கு அது 1,800க்குக் குறையாது. ஆஸ்கர் போன்ற பெருந்தீனிக்காரர் இருந்தால் இன்னும் மேலே போங்கள்.

கேனிஸ்டர் நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. சத்தமில்லை, பார்க்க அழகு, ஸ்டாண்டுக்குள் ஒளிந்துகொள்ளும். திறக்க வேண்டுமானால் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்கி, சொட்டச் சொட்ட ஹாலைக் கடந்து பாத்ரூம் வரை போக வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங் ஓர் ஓரத்தில் மடங்கியிருந்தால் விடியற்காலையில் தரை சொல்லும். இதனால்தான் யாரும் திறப்பதில்லை. திறக்காததால் பராமரிப்பே இல்லை. விளம்பரம் உண்மையாகிவிட்டது.

பார்க்கச் சகிக்காத டாப் ஃபில்டரை வாங்காமல் இருப்பது ரொம்ப முக்கியம். தொட்டியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கீழிருந்து பம்ப் தண்ணீரை ஏற்றும், பஞ்சு வழியாக வழிந்து திரும்ப விழும். மூடியைத் தூக்கி வெள்ளைப் பஞ்சை மாற்ற இரண்டு நிமிஷம். லுங்கியோடு நின்றபடி, காபி ஒரு கையில் இருக்கச் செய்துவிடலாம். இவ்வளவு சுலபமாக இருந்தால் வாரா வாரம் செய்யத் தோன்றும். பிறகு அது பழக்கமாகிவிடும், ஜாக்கிரதை. இதையே பெரிதாக்கித் தொட்டிக்குக் கீழே வைத்தால் அதற்குச் சம்ப் என்று பெயர். பெரிய தொட்டிக்கு நான் சம்புக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஒரே ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள்: கரண்ட் போனதும் மேல்தொட்டித் தண்ணீர், குழாய் வாய் காற்றில் தெரியும் மட்டும் கீழே இறங்கும். நாலுக்கு இரண்டடித் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 18 லிட்டருக்கு மேல். சம்பில் அதற்கு இடம் விடாமல் விளிம்பு வரை நிரப்பிவைத்தால் கீழ்வீட்டுக்காரரோடு அறிமுகம் ஏற்படும்.

கரண்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 மணி ஆகும். இன்வர்ட்டரில் டிவியை மட்டும் இணைத்துவையுங்கள். மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் உள்ளே அழுகியது மொத்தமும் தொட்டிக்குள் வரும். பேட்டரி ஏர் பம்போடு இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை மூலையில் போட்டுவைத்தவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்காது.

என்றைக்காவது மனசு கேட்காமல் கழுவ உட்கார்ந்தால், மெட்ரோ வாட்டர் குழாயைத் திறந்துவிட்டு, பஞ்சும் ரிங்கும் கடையில் வாங்கியபோது இருந்த நிறம் வரும் வரை தேயுங்கள். குளோரின் பாக்டீரியாவைக் கவனித்துக்கொள்ளும். புதிய கூட்டம் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை தண்ணீர் பளிங்காகத் தெரியும், மீன் மட்டும் மேலே வந்து வாயைப் பிளக்கும். தொட்டியிலிருந்தே ஒரு வாளி மொண்டு, அதில் பஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுகிறவர்கள் சோம்பேறிகள். அவர்கள் வீட்டில்தான் மீன் பத்து வருஷம் இருக்கிறது.

இத்தனைக்கும் மேலே தொட்டியைத் தானே சுத்தம் செய்யும் என்று கடையில் ஒரு சக்கர் ஃபிஷ் தருவார்கள். பாசியைக் கொஞ்சம் நக்கும், உண்மை. தின்றதை அதே தொட்டியில்தான் விடும், ஓர் அடிக்கு மேலும் வளரும். அப்போது ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அங்கே ஏற்கெனவே அதன் சொந்தக்காரர்கள் வலைக்காரர்களைப் படுத்துகிறார்கள். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கே ஃபில்டர் கேட்டு வந்த வேறொருவரிடம், "இது பெருசாவே இருக்குண்ணா, இன்னும் நல்லா கிளீன் பண்ணும்" என்று கொடுத்தனுப்புவார்கள்.