தோசையின் விட்டம்

பாக்கெட்டுகள் இளைத்து வருகின்றன என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். அவருக்கு கிராம் கணக்கெல்லாம் ஆகாது. பொடி எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. அவர் நம்புவது தன் எவர்சில்வர் சம்படங்களைத்தான். கல்யாணச் சீராக வந்தவை, மூடியில் பெயர் வெட்டியவை. மாத மளிகை வந்து இறங்கியதும் ரவைப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துச் சம்படத்தில் கொட்டுவார். கழுத்து வரை வந்ததும் தரையில் ணங், ணங் என்று ரெண்டு தட்டு. ரவை உட்காரும். அதற்கப்புறமும் அடங்காமல் மிஞ்சுகிற ஒரு பிடியை டம்ளரில் எடுத்து வைப்பார். அன்றைக்குச் சாயங்காலம் கேசரி.

முதலில் கேசரி நின்றது. அப்புறம் தட்டுவது நின்றது. ஒரு நாள் பாக்கெட்டைக் கவிழ்த்து உதறிவிட்டு, சம்படத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். நாலு விரற்கடை காலி. உடனே மருமகளைச் சந்தேகப்பட்டிருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டார், அப்புறம் எலியை. என் முறை மூன்றாவதாகத்தான் வந்தது.

பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதே மஞ்சள் உறை, தட்டில் ஆவி பறக்கும் அதே உப்புமா, அதே 40 ரூபாய். அரைக் கிலோ என்று நாங்கள் காலங்காலமாக வாங்கிவந்த பாக்கெட்டின் முதுகில், ஒட்டு மடிப்புக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி 400 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள்.

அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அது புதுப் பாக்கெட்டும்மா."

"பார்த்தா அதேதானே இருக்கு, அண்ணாச்சி?"

"அதேதான். ஆனா புதுசு."

இதற்கு மேல் விளக்கம் கேட்டால் அவர் பாவம். அவர் கடையிலேயே உதிரி ரவை மூட்டையில் இருக்கிறது. கேட்டால் தராசில் போட்டு அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ கொடுப்பார். நாம்தான் உப்புமாப் படத்துக்கு மயங்கிப் பாக்கெட்டுக்கு மாறினோம்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆபீஸில் கணக்குப் பிரிவு. வீட்டிலும் அதே பிரிவுதான்.

"எடையில இருபது சதவீதம் கைவச்சுட்டான்" என்றேன்.

"எடைதான் இருபது. விலை இருபத்தஞ்சு ஏறியிருக்கு" என்றார்.

விலை ஏறவே இல்லையே என்றேன். பேப்பரும் பேனாவும் வந்தன. 500 கிராம் 40 ரூபாய் என்றால் கிராம் 8 காசு. 400 கிராம் அதே 40 ரூபாய் என்றால் கிராம் 10 காசு. எட்டு பத்தானால் அது கால் பங்கு ஏற்றம். இவ்வளவு சொல்லிவிட்டு, இதைத் தானே செய்தது போல் ஒரு திருப்தியோடு பேனாவை மூடினார். பாதகர்கள் அதோடு விடவில்லை. தீபாவளிக்கு அதே ரவை சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தது: "25% கூடுதல்!" நானூற்றோடு அதில் கால் பங்கைக் கூட்டினால் ஐந்நூறு. எங்களிடமிருந்து எடுத்ததை எங்களுக்கே தீபாவளிப் பரிசாகக் கொடுத்தார்கள். மாமியார் மட்டும் சந்தோஷமாகக் கேசரி கிளறினார். பொங்கலுக்குள் பட்டை போய்விட்டது.

இப்படி இஷ்டத்துக்கு அடைக்க முன்பு முடியாது. 2011ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. பிஸ்கட், பிரெட், டீ, காபி, எண்ணெய், ரவை, சோப்பு என்று 19 வகைச் சரக்குகளை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று அதில் கட்டுப்பாடு. 2021இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று உறையில் அச்சிட வேண்டும் என்றது. இப்போது 87 கிராமும் அடைக்கலாம், 132 கிராமும் அடைக்கலாம். வகுத்துப் பார்க்கிற வேலையைக் கம்பெனியே செய்து கொடுத்துவிடுகிறது. படித்துப் பார்க்கிற வேலைதான் நமக்கு. அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பது தனி விஷயம். எங்கள் வீட்டுக்காரர் செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படம் பிடிப்பார். காவலாளி எங்கள் பின்னாலேயே வருகிறார்.

அந்தப் படங்களால் சில உண்மைகள் தெரியவந்தன. பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்று நாம் நம்பியிருப்பது எப்போதும் சரியில்லை. ஷாம்புவில் பெரும்பாலும் நேர் எதிர்: பாட்டிலைவிட சாஷே மலிவு. எங்கள் குளியலறையில் இப்போது சாஷேக்கள் தோரணமாகத் தொங்குகின்றன. சாஷேயில் ஷாம்பு விற்பதற்கு முன்னோடியே நம்ம கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான். சிறிசாகப் போட்டு நியாயமாக விற்கவும் முடியும் என்பதற்கு ஒரு தமிழன் வழிகாட்டியிருக்கிறான் என்று நான் பெருமைப்படுவதுண்டு, கண்ணில் நுரை போகாத நேரங்களில்.

எண்ணெய்க் கதை இன்னும் ரசமானது. எண்ணெய் சூடானால் விரியும். அதே ஒரு லிட்டர் இடத்தை நிரப்பக் குறைந்த எடை போதும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம்கூட இல்லை. சில உறைகளில் லிட்டர் என்று போட்டுப் பக்கத்தில் இத்தனை டிகிரியில் என்றும் போட்டிருந்தார்கள். கடைசியில், 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, டிகிரிக் கதையெல்லாம் வேண்டாம், எடையையும் சேர்த்துப் போடுங்கள் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. என் கட்சி வேறு. திருச்சிக்காரர்களாகிய எங்களுக்கு இதில் நஷ்டமே இல்லை. சித்திரை மாதத்தில் அலமாரியைத் திறந்து வைத்தால் எண்ணெய் தானாகவே முழு லிட்டராகிவிடும்.

இளைக்காமல் கொழுத்ததும் ஒன்று உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25ஐத் தாண்டினால் வரி இல்லை. நம் அரிசி வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. அந்த ஒரு கிலோவால் வரி போனது. மூட்டையை மாடிக்குத் தூக்கிவந்த எங்கள் வீட்டுக்காரருக்கு இடுப்பும் போனது.

பிஸ்கட்டுக்கு நீதியும் கிடைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஒருவர் தெருநாய்களுக்குப் போட பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 என்று அச்சு, உள்ளே 15. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நாங்கள் எண்ணி விற்பதில்லை, எடைக்குத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். சரி, எடையையே பார்ப்போம் என்றார்கள். உறையில் 76 கிராம், தராசில் 74. ஒரு பிஸ்கட் 75 காசு என்று வழக்கில் கணக்கு. 2023இல் வந்த தீர்ப்பில் இழப்பீடு 1 லட்சம் ரூபாய். வாதியின் நாய்களை யாரும் விசாரிக்கவில்லை.

இதைப் படித்ததும் எங்கள் வீட்டுக்காரர் ரவை உறையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான்தான் உட்கார வைத்தேன். 400 என்று போட்டு 400 கொடுத்திருக்கிறான். பொய் சொல்பவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். உண்மையைச் சின்ன எழுத்தில் சொல்பவனை என்ன செய்வது?

அவர் இப்படிப் பொங்கும்போதெல்லாம் நான் அதிகம் பேசுவதில்லை. காரணம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் இந்த வித்தையை எந்த மேல்நாட்டுக் கல்லூரியில் கற்றார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கென்னவோ அவர்களுடைய அம்மாக்களிடம் கற்றிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

துவரம்பருப்பு விலை ஏறுகிறது. வீட்டுச் செலவுக்கு வருகிற பணம் ஏறவில்லை. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பது ஒரு கிலோதான். மாதக் கடைசி வாரத்துக்கு அது வராது. சாம்பார் கிண்ணத்தின் அளவைக் குறைத்தால் வீட்டில் கலகம் வெடிக்கும். ஆகவே கிண்ணம் அப்படியே இருக்கும், பருப்பு பாதியாகும், மீதியைப் பரங்கிக்காய் பார்த்துக்கொள்ளும். நன்றாகக் குழைய வேகவைத்து மசித்துவிட்டால் பருப்போடு பருப்பாகக் கலந்துவிடும், நிறமும் காட்டிக்கொடுக்காது. இன்னும் நீர்த்துத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து விட வேண்டும். உளுந்து எகிறும்போது மாவுக்கு நாலுக்கு ஒன்று என்பது ஐந்துக்கு ஒன்றாகும். மெதுவடையின் ஓட்டை பெரிதாகும். ரவா தோசையில் ஓட்டை கூடக் கூட மாவு குறையும். சாப்பிடுகிறவர்கள் அதைக் கைப்பக்குவம் என்று பாராட்டுவார்கள். பையன் "பசிக்குது" என்றால் "முறுகலா வேணுமா?" என்று கேட்பேன். முறுகல் தோசைக்கு அரைக் கரண்டி மாவு போதும். கேட்கிறவனுக்கோ தனியாகக் கவனிக்கப்பட்ட பெருமை. இதைவிடப் பெரிய வியாபார மூளை எந்தக் கம்பெனியில் இருக்கிறது?

மாமியார் காலத்துப் பெண்கள் இன்னும் தேர்ந்தவர்கள். அப்போது வீட்டுப் புழக்கத்தில் கிலோ கிடையாது, படியும் ஆழாக்கும்தான். ஆழாக்கில் ரெண்டு விதமாக அளக்கலாம்: தலைதட்டி, கோபுரமாக. பக்கத்து வீட்டுக்குக் காபிப்பொடி கடன் கொடுத்தால் தலைதட்டிப் போகும். திரும்பி வரும்போது கோபுரமாக வர வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டோடு ஆறு மாதம் பேச்சு நின்றுபோகும். "எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். அதனால யாருக்கும் நஷ்டமில்ல" என்கிறார் அத்தை.

காபியில்கூட நான் கொஞ்சம் கைவைத்துப் பார்த்தேன். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் எண்பதிலிருந்து அறுபதுக்கு வந்தேன், விதிக்கு உட்பட்டுத்தான். முதல் வாய் குடித்ததுமே அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பருப்பில் ஏமாறுவார், உளுந்தில் ஏமாறுவார். காபியில் நடக்காது. மறுநாளே எண்பதுக்குத் திரும்பினேன்.

பிடிபட்டது தோசையில். பிடித்தது பையன். பள்ளியில் அவனுக்கு வட்டத்தின் பரப்பளவு நடத்தியிருக்கிறார்கள். பாடத்தில் வந்ததை வீட்டில் பொருத்திப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. பழைய பிறந்தநாள் போட்டோ ஒன்றில் தோசை தட்டின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதே தட்டில் இப்போதைய தோசையைச் சுற்றி ஓர் அகழி. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேல் வந்தது. அப்போது 9 அங்குலம், இப்போது 7.5.

"ஒன்றரை அங்குலம்தானேடா" என்றேன்.

"விட்டம்தான்மா ஒன்றரை. பரப்பு முப்பது சதவீதத்துக்கு மேல போயிடுச்சு."

வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். "பரப்பு இவ்வளவு குறைஞ்சா விலை நாற்பத்துநாலு சதவீதம் ஏறியிருக்கு!" ரவைக் கம்பெனியே இருபத்தைந்தோடு நிறுத்திக்கொண்டது என்று அவர் சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிரான்ஸில் ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று அவர் முன்பு எப்போதோ படித்துக் காட்டியிருந்தார். 2024 ஜூலை 1 முதல் அங்கே 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளில், எடை குறைந்து, அதனால் கிராம் விலை ஏறிய சரக்குக்குப் பக்கத்திலேயே அதைச் சொல்லி அறிவிப்பு ஒட்ட வேண்டும். இரண்டு மாதம் எடுக்கக் கூடாது. பையன் அதை மறக்கவில்லை. மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அடுப்புக்கு மேலே டைல்ஸில், கோடு போட்ட தாளில், ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது: "வாடிக்கையாளர் கவனத்துக்கு. இங்கே தோசையின் விட்டம் 9 அங்குலத்திலிருந்து 7.5 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. சட்னியில் மாற்றமில்லை." எங்கள் அடுப்படி எட்டுக்கு ஏழு அடி. பிரான்ஸிலேயே இருந்தாலும் இந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடினேன். எடுபடவில்லை.

அத்தை அதைப் படித்துக் காட்டச் சொன்னார். முழுக்கக் கேட்டார். எத்தனை நாள் இருக்கணும் என்று கேட்டார். ரெண்டு மாசம் என்றான் பேரன்.

"இருக்கட்டும். அந்த ரெண்டு மாசமும் உங்கப்பன் ஊத்தட்டும்" என்று சொல்லி, கரண்டியை எடுத்துத் தன் மகன் கையில் கொடுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் முதலில் ஊற்றியது கல்லைவிட்டு வரவேயில்லை. இரண்டாவது வந்தது, ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பிய்ந்து, கன்னியாகுமரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் நீண்டு. பையன் ஸ்கேலோடு வந்து நின்றான். இப்படி வைத்தான், அப்படி வைத்தான், தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தான்.

"இதுக்கு விட்டமே கிடையாதுப்பா" என்றான்.