குழாய் ஒழுக்கவியல்: ஒரு கள ஆய்வு

தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் குழாயை விட்டு வெளியேறுவதைச் சொல்ல நம்மிடம் நான்கு வினைகள் உண்டு: கசிதல், சொட்டுதல், ஒழுகுதல், பீச்சுதல். இவற்றில் ஒழுகுதலுக்கு மட்டும் தனி மரியாதை. ஒழுக்கம் என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். மனிதன் நன்றாக ஒழுகினால் பெருமை, குழாய் நன்றாக ஒழுகினால் அவமானம். இந்த முரண்பாடு தனியொரு முனைவர் பட்டத்துக்கு உரியது. இக்கட்டுரையின் கருதுகோள் அதைவிட எளியது: வீட்டுக்காரர் தாமே கைவைத்துப் பழுதுபார்க்கும் குழாய், இந்த வரிசையில் தானிருக்கும் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பதவி உயர்வு பெறும்.

ஆய்வுக்களம், எங்கள் வீட்டுக் குளியலறை. காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தரவு: முந்தைய இரவு பத்து மணிக்குக் குழாயடியில் வைத்த லிட்டர் சொம்பு, விடிவதற்குள் நிரம்பி வழிந்திருந்தது. "ப்ளம்பரக் கூப்பிடலாமேங்க" என்று மாற்றுக் கருத்து ஒன்று வீட்டில் எழுந்தது. போதிய சான்றுகள் இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.

முதலில் மொட்டைமாடிக்குப் போய் கேட் வால்வை மூட வேண்டும். ஏழு வருடமாக யாரும் தொடாத வால்வு. போர் தண்ணீரின் உப்பு அதன் கழுத்தில் விபூதி பூசியிருந்தது. ஆனாலும் சக்கரம் வெண்ணெயாகச் சுழன்றது. கீழே வந்து குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. வால்வு மூடிக்கொண்டது என்று முடிவு கட்டினேன்.

வாஷரை மாற்ற ஸ்பிண்டிலை மட்டும் கழற்றினால் போதும். ரெஞ்சைப் போட்டுத் திருகியதும் குழாயே மொத்தமாகச் சுவரிலிருந்து சுழன்று கையோடு வந்தது. ஆய்வு அங்கே அகழாய்வாக மாறியது. மரையின் மேலடுக்கில் வெள்ளை டெஃப்லான் டேப். அதற்கடியில் கல்லாய் இறுகிய எம்-சீல். அதற்கும் கீழே சைக்கிள் டியூப் துண்டு. அடியாழத்தில் பெயின்ட்டில் தோய்ந்த சணல். ஒவ்வோர் அடுக்கும் "இனிமே ஒழுகாது" என்று யாரோ ஒருவர் மனைவியிடம் சொன்னதன் தொல்லியல் சான்று.

மரையை ஸ்கேலால் அளந்தேன். ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர்தான். ஆனால் கடைக்காரர், ப்ளம்பர், கொத்தனார் எல்லோரும் இதை அரை இஞ்ச் என்றே சொல்கிறார்கள். அது பழைய இரும்புக் குழாயின் உள்துளைக்கு வைத்த பெயராம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் மரைக்கு 55 பாகைக் கோணம் என்று வகுத்தார். நம் வீட்டுச் சுவருக்குள் அவர் இன்னும் இருக்கிறார்.

ஹார்டுவேர் கடையில், "பிப் காக்கா, பில்லர் காக்கா, ஆங்கிள் காக்கா?" என்று கேட்டார்கள். பறவையியல் என் துறையல்ல. "சாம்பிள் கொண்டு வந்திருக்கலாமே சார்" என்றார் கடைக்காரர். மூன்றாவது நடையில் கொண்டுபோனேன்.

டெஃப்லான் என்னும் பொருள் 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் குளிர்பதன வாயுவை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. அதைச் சுற்றுவதில் தற்செயலுக்கு இடமில்லை. மரையின் முனையை நம் முகத்துக்கு நேராகப் பிடித்து, கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். நான் எதிர்த்திசையில் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். குழாயைச் சுவரில் முடுக்க முடுக்க, டேப் பிரிந்து வெளியே சுருண்டது. மரை கழன்றது குழாய்க்கா ஆய்வாளருக்கா என்று வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது.

பதினொன்றரைக்கு வழக்கம்போல் மோட்டார் போட்டார்கள். காலைக் குளியல்களில் டேங்க் காலியாகியிருந்ததை நான் தரவில் சேர்த்திருக்கவில்லை. தண்ணீர் குழாயைச் சுற்றி நாலா பக்கமும் விசிறியடித்தது. சொட்டுதலிலிருந்து நேராகப் பீச்சுதல்: இரட்டைப் பதவி உயர்வு. கருதுகோள் இதனால் திருத்தப்படுகிறது. நனைந்த லுங்கியோடு மாடிக்கு ஓடினேன். வால்வின் சக்கரம் அதே வெண்ணெயாகச் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. உள்ளே தண்டு அற்றுப்போயிருந்தது.

மாலையில் வந்த ப்ளம்பர் கேட்ட முதல் கேள்வி: "யாரு சார் இதுல கை வெச்சது?"

"முன்னாடி குடியிருந்தவங்க" என்றேன்.

அவர் கேட் வால்வைத்தான் முதலில் மாற்றினார். குழாய்க்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே மாடிக்குப் போய் உங்கள் வால்வை மூடி, கீழே குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள்.