வில்லன் வேடத்துக்கு ஆள் இல்லை

சிட்னி லூமெட் 1965இல் எடுத்த 'தி ஹில்' படத்தைப் பதுளைப் பக்கம் மறுபடி எடுக்க யாராவது முன்வந்தால் நல்லது. இரண்டாம் உலகப் போர்க்காலம், லிபியப் பாலைவனத்தில் ஒரு பிரிட்டிஷ் இராணுவச் சிறை. தங்கள் சிப்பாய்களையே அடைத்துவைத்து, நடுவில் குவித்த மணல்மேட்டில் சுமையோடு ஏறி இறங்க விடுகிறார்கள். ஒரு கைதி செத்துப்போகிறான். ஒரே ஒருவன். அதற்கு யார் பொறுப்பு என்று ஷோன் கொனரி கேட்கத் தொடங்க, சிறையே ஆட்டம் காண்கிறது.

எங்களுக்கு மேடு குவிக்கும் செலவு இல்லை. சுமையோடு ஏறி இறங்குவதற்கென்றே வெள்ளைக்காரன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மலைகள் ஊவா முழுக்கக் கிடக்கின்றன. துணை நடிகர்களும் லயத்தில் தயார், தலைமுறை தலைமுறையாக ஒத்திகை பார்த்தவர்கள்.

சிறை நடத்திய அனுபவமும் உண்டு. 1900இல் தியத்தலாவைத் தகரக் கொட்டகைகளில் சுமார் 5,000 போயர் போர்க்கைதிகளை வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனைச் சுட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் அங்கே பத்திரிகை நடத்தினார்கள். 1901இல் கொழும்புக்குப் போய் கோல்ட்ஸ் அணியோடு கிரிக்கெட் ஆடினார்கள். தோற்றார்கள், ஆனால் உயிரோடு திரும்பினார்கள். எங்கெல்பிரெக்ட் என்ற கைதி போர் முடிந்த பிறகும் பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யமாட்டேன் என்றார். அவருக்குப் பின்னாளில் யால காட்டைக் காக்கும் உத்தியோகம் கொடுத்தார்கள். அதே காலத்தில் கடனை அடைத்துத் 'துண்டு' வாங்காமல் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளிக்கு மறியல். எதிரிக்கு மட்டை, கூலிக்கு விலங்கு.

இனிக் கதைக்கு வருவோம். தியத்தலாவையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் பிந்துனுவெவ. 2000ஆம் ஆண்டில் அங்கே இருந்தது சிறைகூட அல்ல, புனர்வாழ்வு முகாம். உள்ளே 41 தமிழர்கள்: தாமாகச் சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், மீசை முளைக்காத பொடியன்கள். எங்கள் விடுதலை ஏன் தாமதமாகிறது, வீட்டுக் கடிதங்கள் எங்கே என்று ஒக்டோபர் 24 மாலை கேட்டார்கள். குற்றம் அவ்வளவுதான். விடிவதற்குள் ஊரில் சுவரொட்டி. காலையில் கத்தியும் பொல்லுமாகப் பெருங்கூட்டம். கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களை வெட்டினார்கள். ஆயுதத்தோடு சுமார் 60 பொலிஸார் அங்கேயே நின்றார்கள். அந்தத் துப்பாக்கிகள் ஒரேயடியாகத் தூங்கின என்று பழி சொல்லக்கூடாது. உயிர் தப்ப ஓடிய பொடியன்கள்மேல் அவை வெடிக்கத்தான் செய்தன. 27 பேர் பிணம், 14 பேர் காயம். கூட்டிப் பாருங்கள், 41. புனர்வாழ்வு பெறாதவர் ஒருவருமில்லை.

ஊராரின் திடீர் ஆத்திரமாம்! சுவரொட்டி எழுதி, பசை காய்ச்சி, ஒட்டிவிட்டு வரும் ஆத்திரத்துக்குத் திடீர் என்று பெயர் வைத்த மூளைக்கு ஒரு தேசிய விருது கொடுக்கலாம். மலையகத் தோட்டத் தமிழர்கள் நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கியபோது ஊரடங்குச் சட்டம் மட்டும் சுணங்காமல் வந்தது. பிந்துனுவெவக்கு வராத அரசாங்கம் அவர்களுக்கு வந்துவிட்டது.

அடுத்து நீதிமன்றக் காட்சி. 2003இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் பொலிஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 2005 மே மாதம் உச்ச நீதிமன்றம் எஞ்சியிருந்தவர்களையும் விடுவித்தது. சாட்சியம் போதவில்லையாம். பட்டப்பகல், பெருங்கூட்டம், 60 பொலிஸ் கண்கள். அதாவது 60 சோடி. இதற்கு மேலும் சாட்சி வேண்டுமென்றால் செத்தவர்களைத்தான் எழுப்பிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

தயாரிப்பாளருக்குச் சிக்கல் இங்கேதான். லூமெட்டின் படத்தில் கைதியைச் சாகடித்த சார்ஜன்ட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, வில்லியம்ஸ். நம் படத்தில் அந்த வேடத்துக்குச் சட்டப்படி ஆளே கிடையாது. அப்படியென்றால் 27 பேரும் தங்களைத் தாங்களே வெட்டி, தாங்களே கொளுத்திக்கொண்டார்களா? இது முதல் படமும் அல்ல. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாளில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அதற்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. கைதிக்குப் பூட்டுப் போடத் தெரிந்த அரசுக்கு, அந்தப் பூட்டுக்கு உள்ளே இருக்கும் உயிருக்குத் தானே பொறுப்பு என்பது மட்டும் விளங்குவதில்லை.

பிந்துனுவெவப் படுகொலைக்காக இன்று மறியலில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை.