பச்சை மினுங்குதா?

"அத்தான், பச்சை மினுங்குதா?"

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இப்படியொரு குரல் கேட்டால், அது வீட்டு சர்வர்க்காரர்தான். என் மச்சினனைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். ஆள் இருப்பது பெங்களூரில். சர்வர் இருப்பது பாளையங்கோட்டையில், அவர் அம்மா வீட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால். சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை 4, அதற்கு வால் மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க். வீடியோ பார்த்து, கட்டளைகளை வெட்டி ஒட்டி, அவரே நிறுவியது. எது எதற்கு என்று தெரியாது. தெரிந்தவன் தூங்கிவிடுவான், தெரியாதவன்தான் பாவம், விடிய விடியக் காவல் காப்பான்.

சாவி என்னிடம். ஆகவே விளக்கு பார்க்கும் உத்தியோகமும் என்னுடையது. அது ஒரு தனி சாஸ்திரம். போர்டில் சிவப்பு எரிந்தால் நல்லது; மின்சாரம் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் மோடத்தில் சிவப்பு எரிந்தால் கேடு, ஃபைபர் அறுந்திருக்கிறது. போர்டில் பச்சை மினுங்கினால் மெமரி கார்டு வேலை செய்கிறது என்று நிம்மதி. மோடத்தில் பச்சை மினுங்கினால், "மினுங்குதா, நின்னு எரியுதா?" என்று துணைக் கேள்வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒட்டடைக்குள் தலையை விட்டு, செட்டாப் பாக்ஸின் சிவப்பைப் பார்த்து "ஜம்முனு எரியுது மாப்ள" என்று நான் சொல்லப்போய், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீணானது.

இன்னொரு நாள், "எதுவுமே எரியல" என்றேன். அந்தப் பக்கம் மூச்சே இல்லை.

"எதுவுமேவா அத்தான்?"

"ஃபேனும் ஓடல மாப்ள. மாசாந்திரப் பராமரிப்பு. சாயந்தரம் வரும்."

லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை எடுத்துக் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து "ராம் ரொம்பிட்டு" என்று ஒரு வாரம் புலம்பினார். 62 டிகிரிக்குக் காய்ச்சல் என்றார். 80-ஐத் தொட்டால்தான் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அதெல்லாம் சின்ன விஷயம்.

முதலில் அப்டைம் குமா என்ற கண்காணிப்பு மென்பொருளையும் அதே போர்டில்தான் போட்டிருந்தார். சர்வர் செத்தால் சேதி சொல்ல வேண்டியதும் சேர்ந்தே செத்துக் கிடக்கும். மணி அடிக்கவில்லை, எல்லாம் நலம் என்று நான்கு நாள் நிம்மதியாக இருந்தார். என் வாழ்க்கையிலும் அந்த நான்கு நாள்தான் நிம்மதி. பிறகு யாரோ புண்ணியவான் சொல்லிக்கொடுக்க, காவல்காரனை வெளியே ஒரு வாடகைக் கணினிக்கு மாற்றினார். இப்போது 60 வினாடிக்கு ஒருமுறை அது இங்கே தட்டிப் பார்க்கிறது. பதில் இல்லையென்றால் அவர் போன் அலறும். அடுத்து என் போன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 60 வினாடிக்கு ஒருமுறை சர்வரை விசாரிக்கிறவர், அதே வீட்டில் இருக்கிற அம்மாவிடம் பேசுவது வாரத்துக்கு ஒருமுறை. அதுவும் ஏதாவது மீட்டிங்குக்கு நடுவில்.

போன செவ்வாய்க்கிழமை வாழைக்காய் கொடுக்கப் போயிருந்தேன். அத்தை என்னைப் பார்த்ததும் எழுந்தார். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு, பழகிய கையாக ஸ்விட்சை அணைத்தார். இப்படிப் பொட்டென்று அணைத்தால் மெமரி கார்டு கெட்டுப்போகும், அதை மாற்றுகிற தண்டனையும் எனக்குத்தான். வாயைத் திறந்தேன்.

"செத்த இருங்க மாப்பிள்ளை" என்றார்.

நான் போகிற நாளாகப் பார்த்தே சர்வர் படுப்பது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. என் சட்டைப்பையில் போன் அடித்தது. அத்தை கையை நீட்டினார்.

"அத்தான், பச்சை..."

"அம்மா பேசுதேம்ல. சாப்ட்டியா?"