முனைவர் பட்டத்தை மறைப்பது எப்படி?

கடம்பத்தூர் வட்டார வேதியியல், இயற்பியல் முனைவர்களின் நலன் கருதி இந்த வழிகாட்டி இலவசமாக வழங்கப்படுகிறது.

முதல் படி: பெயருக்கு முன்னால் இருக்கும் 'முனைவர்' பட்டத்தைக் கழற்றுங்கள். கல்யாணப் பத்திரிகையில் இருக்கட்டும், அங்கே அதற்கு விலை உண்டு. காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் போகும் பயோடேட்டாவில் அது தெரிந்தால், 'ஓவர் குவாலிஃபைட்' என்று எச்.ஆர். கதவைச் சாத்திவிடுவார்.

இரண்டாம் படி: ஆய்வுக்குப் போன வருடங்களுக்கு ஒரு நல்ல பொய் தயார் செய்யுங்கள். நள்ளிரவில் ரியாக்‌ஷனுக்குக் காவல் இருந்தது, பழுதான கருவியைப் பிரித்து மாட்டியது, கைடு வீட்டுக் கரண்ட் பில் கட்டியது எதுவுமே அனுபவம் ஆகாது. முப்பது வயதில் நீங்கள் ஃபிரெஷர். வாடகையும் வட்டியும் மட்டும் உங்களை சீனியராக நடத்தும்.

மூன்றாம் படி: 'இங்கே ஆர் அண்ட் டி எங்கே இருக்கு சார்?' என்று வாய் தவறியும் கேட்காதீர்கள். இந்த வட்டாரத்துக்கு அது பழக்கமில்லை. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் செய்யத் தொடங்கியபோதே டிசைன் ஜப்பானுடையது, நட்டு முறுக்கிய கை நம்முடையது. மூளையை இறக்குமதி செய்துகொள்ளலாம், கைக்கு காண்ட்ராக்டர் இருக்கிறார் என்றால் முனைவர் எதற்கு?

நாட்டின் கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டிச் செலவிடுகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் கம்பெனிகளின் பணம். நம் முதலாளிகளோ மாநாட்டு மேடையில் 'புத்தாக்கம்' என்று முழங்கிவிட்டு, செக் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள்.

உச்சக்கட்டக் கூத்து 2022இல் அரங்கேறியது. பதினைந்து ஆண்டு தொழில் அனுபவம் இருந்தால் முனைவர் பட்டம் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' ஆகலாம் என்றது யு.ஜி.சி. வரட்டும், தப்பில்லை. ஆனால் கம்பெனிக்காரர் கல்லூரிக்குள் வர வாசல் திறந்தவர்கள், முனைவர் கம்பெனிக்குள் போக ஒரு ஜன்னலாவது வைத்தார்களா? நிலமும் வரிச்சலுகையும் கேட்டு வந்து நிற்கும் முதலாளியிடம், 'ஒரு ஆய்வுக்கூடம் கட்டு, நாலு முனைவருக்கு வேலை கொடு, அப்புறம் வா' என்று சொல்ல அரசுக்கு முதுகெலும்பு வேண்டாமா?

கடைசிப் படி: பட்டமளிப்பு மேடையில் ஒருவர் நம் மாநிலத்து முனைவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பூரித்துப்போவார். கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, இதில் எத்தனை பேருக்குப் படிப்புக்கேற்ற வேலை கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். வெளியே தள்ளுவார்கள். கவலை வேண்டாம், தள்ளும் செக்யூரிட்டியும் ஒருவேளை முனைவராக இருக்கலாம், மெதுவாகத்தான் தள்ளுவார்.